மணற்கல்லுக்குள் தண்ணீர்

12.5.1973, வல்லம்
நிலத்தடி நீர்த் துறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆழ்துளைக் கிணற்றுக்கு நான் முதன்முதலாகக் குறித்துக் கொடுத்த இடத்தில் இன்று துளைபோடும் ரிக் வந்து நின்றது. நில உச்சவரம்புச் சட்டத்தில் சித்தப்பாவிடமிருந்து போன நிலம், இப்போது காளியம்மாளுடையது. நேற்று வரை எங்கள் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்.

"அங்க ரெண்டு கிணறு வெட்டிப் பாத்துட்டேன், அகிலா. அடியில பாறை. இல்லன்னா அதை விட்டுக் கொடுத்திருப்பேனா?" என்றார் சித்தப்பா, காபியை ஆற்றிக்கொண்டே.

கிண்டலா, எச்சரிக்கையா? தண்ணீர் வராவிட்டால் காளியம்மாள் மறுபடி கூலிக்குத்தான் போகவேண்டும்.

14.5.1973
பாறை தட்டிவிட்டது. ரிக் ஓட்டும் நடராசன், "கல்லும்மா. நிறுத்திடலாம்" என்றார்.

மேலே வந்த சில்லைத் தேய்த்துப் பார்த்தேன். விரலெல்லாம் சிவப்பு மணல். கருங்கல் இல்லை — மணற்கல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மணல் எப்படிம்மா கல்லாகும்?" என்று காளியம்மாள் கேட்டார்.

என்றோ ஓர் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல். பெரும்பாலும் வெள்ளைப் படிகக்கல்லின் பொடி. அதன்மேல் வண்டல் படிந்து படிந்து அமுக்கியிருக்கிறது. ஊறி இறங்கிய நீரில் கரைந்திருந்த இரும்பும் சிலிக்காவும் மணிகளுக்கு நடுவே தங்கி ஒட்டவைத்துவிட்டன. இதை எப்படிச் சொல்வது?

"பொரியுருண்டை மாதிரிக்கா. மணல்தான் பொரி. பாகு சேத்துப் பிடிச்சிருக்கு."

"பொரியுருண்டையில சந்து சந்தா இருக்குமே."

"அந்தச் சந்துலதான் தண்ணி நிக்கும்."

அவர் நடராசன் பக்கம் திரும்பினார். "ஓட்டுங்க தம்பி."

15.5.1973
தண்ணீர் இல்லை. பாகு எல்லாச் சந்துகளையும் அடைத்திருந்தால்?

16.5.1973
வந்துடுச்சு. முதல்ல செஞ்சேறு, அப்புறம் தெளிஞ்ச தண்ணி. நடராசன் சட்டையோட நனைஞ்சுக்கிட்டு நிக்கிறார். நானும்தான் — புதுப் புடவை, போனால் போகட்டும்.

காளியம்மாள் இரு கையாலும் ஏந்திக் குடித்தார். "இனிக்குதும்மா" என்றார். நானும் குடித்தேன். லேசாக இரும்பு வாடை. இருந்தாலும் இனித்தது.

3.7.1973
காளியம்மாள் நிலத்தில் இன்று நடவு. ஆயில் எஞ்சின் விடியலிலிருந்து ஓடுகிறது.

சித்தப்பா வந்தார். அவரிடம் மிஞ்சியிருக்கும் தென்னந்தோப்பு பக்கத்திலேயே வாடிக்கிடக்கிறது. வரப்பில் நின்றபடியே, "காளியம்மா, தோப்புக்கும் கொஞ்சம் தண்ணி திருப்பி விட முடியுமா?" என்றார்.

"விடறேங்க. நடவு முடியட்டும். வெயில்ல நிக்காம கொட்டகையில உக்காருங்க."

உட்கார்ந்தார். நடவு முடியும்வரை காத்திருந்தார்.