திரும்பி வரும்போது தெரிகிற பக்கம்

கூச்சல் போட்டே என்னைக் கரை சேர்த்த என் செல்விச் சித்திக்கு,

வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தேர்வுப் போட்டி. அதே உப்பளம் குளம், அதே நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல். முதலில் வருகிறவளுக்குத்தான் தேசியப் போட்டிக்குப் போகிற புதுச்சேரி அணியில் இடம். நீ இல்லாமல் நான் இறங்கப்போகிற இரண்டாவது போட்டி இது. முதலாவதில் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானே சொல்லிவிடுகிறேன்.

தோற்றேன், சித்தி. ஒரு கை நீளத்தில்.

எப்படித் தோற்றேன் என்று தெரிந்தால் உனக்குக் கோபம் வரும். எனக்கு இடப்பக்கம் திரும்பினால்தான் மூச்சு வரும். முகம் தண்ணீருக்குள் இருக்கும். மூச்சுக்குத் திரும்புகிற பக்கம் மட்டும்தான் கண்ணில் படும். போகும்போது மரநிழல் விழுகிற சுவர், திரும்பி வரும்போது கேலரி. இதை உனக்கு ஒரே ஒரு தடவைதான் விளக்கினேன். மருந்துக்கடை வேலையிலிருந்து நேரே வந்திருந்தாய். எல்லோரும் நிழல் தேடிச் சுவரோரம் நிற்க, நீ மட்டும் குடையை விரித்துக்கொண்டு வெயில் காய்கிற கேலரியில் போய் உட்கார்ந்தாய்.

"போறப்ப நீயே போயிடுவ, அதுக்கு யாரும் வேணாம். திரும்பி வர்றப்பதான்டி மூச்சு முட்டும். அப்ப நான் தெரியணும்" என்றாய்.

அதன்பிறகு எந்த ஊர்க் குளத்துக்குப் போனாலும் உன் முதல் கேள்வி, "எங்கிருந்து குதிக்கிறாங்க?" என்பதுதான். வெளியூரில் ஒரு தடவை கடைசி நிமிடத்தில் புறப்படும் முனையை மாற்றிவிட்டார்கள். நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி ஓடினாய். உன்னை நிறுத்த நடுவர் விசில் ஊத, போட்டி தொடங்கிவிட்டதென்று ஒருத்தி குதித்தே விட்டாள். மானம் போயிற்று. ஆனாலும் திரும்பி வரும்போது நீ தெரிந்தாய்.

நம் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற வீட்டில் பொறுக்கிக்கொண்டு வந்த ஒரே வார்த்தையை வைத்து, "அலே! அலே!" என்று கத்துவாயாம், 'போ, போ' என்று அர்த்தமாம். மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். தண்ணீருக்குள் எனக்கு எதுவும் கேட்டதில்லை. குடைக்குக் கீழே திறந்த வாய் ஒன்று தெரியும், அவ்வளவுதான்.

ரெண்டு பக்கமும் மூச்சு எடுக்கப் பழகு என்று கோச் அன்பழகன் சார் தலைபாடாய் அடித்துக்கொண்டார். "அவளுக்கு இந்தப் பக்கம்தான் சார் வருது, விடுங்க" என்று எனக்காக நீதான் வாதாடினாய்.

அப்புறம் ஒரு நாள் மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். நடந்து போனவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எத்தனை நாளாக அந்த வலியோடு வெயிலில் உட்கார்ந்திருந்தாய், சித்தி? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அந்தப் போட்டியில் திரும்பி வரும்போது, ஒவ்வொரு மூச்சுக்கும் கேலரியில் உன்னைத் தேடினேன். இல்லை என்று தெரிந்துகொண்டேதான் தேடினேன். தலையைத் தேவைக்கு மேல் தூக்கினேன். வலப்பக்கப் பாதையில் உழவர்கரை ரேஷ்மா வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. சுவரைத் தொட்டு நிமிர்ந்தபோது அவள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போதும்டி. உன்னைக் கூட்டிக்கிட்டு அலையறதுக்கு அவளும் இல்ல. பேங்க் பரீட்சைக்குப் படி" என்றாள் அம்மா. எனக்கு அம்மா மேல் கோபம், உன் மேல் அதைவிடக் கோபம். கடைசியாக ஒரே ஒரு போட்டி என்று கெஞ்சி வாங்கியிருக்கிறேன். இதில் தோற்றால் நீச்சல் உடையை மடித்து வைத்துவிட வேண்டியதுதான்.

சார் சொன்னதை இப்போதுதான் செய்கிறேன். வலப்பக்கம் திரும்பினால் வாயில் காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் வந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது. நேற்று நீந்த வந்த பொடிசுகள்கூட என்னைத் தாண்டிப் போயின. "குளத்துல கொஞ்சம் தண்ணி மிச்சம் வைம்மா" என்று சார் கிண்டல் செய்தார். நான் விடவில்லை. நீ வளர்த்தவள் விடுவேனா?

போன வாரம் ஒரு காலையில் அது வந்துவிட்டது. போகும்போது வலப்பக்கம் திரும்பினேன், முழு மூச்சாகக் காற்று வந்தது. கூடவே கண்ணில் பட்டது கேலரி. நீ உட்காருகிற இடம்.

சித்தி, நான் போகும்போதும் நீ அங்கேயேதானே உட்கார்ந்திருந்தாய்? அப்போதும் கத்திக்கொண்டுதானே இருந்திருப்பாய்? இத்தனை வருடமும் நான்தான் சுவரைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். நீச்சல் கண்ணாடிக்குள் கண்ணீர் நிறைந்தால் துடைக்க வழியில்லை. அப்படியே நீந்திப் போய்த் திரும்பினேன்.

நேற்று அம்மா உன் குடையைத் தூசி தட்டினாள். ஒரு போட்டிக்கும் வராதவள், முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்: "ஞாயித்துக்கிழம நானும் வரேன். எந்தப் பக்கம் உக்காரணும்?"

"எங்க வேணாலும் உக்காரும்மா. இப்ப எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும்" என்றேன்.

இனி உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. ஞாயிற்றுக்கிழமை போகும்போது வலப்பக்கம் திரும்பி, உன் இடத்தை ஆசை தீரப் பார்த்துக்கொண்டே போவேன். அந்தக் கோடிச் சுவரை உதைத்துத் திரும்பிய பிறகு, நீயே வந்து உட்கார்ந்தாலும் தேட மாட்டேன். ரேஷ்மா எந்தப் பக்கம் வருகிறாளோ அந்தப் பக்கம்தான் என் மூச்சு. கோபித்துக்கொள்ளாதே சித்தி, திரும்பி வரும்போது எனக்கு வேலை இருக்கிறது.

உன் அக்கா மகள்,
நீ போட்ட கூச்சலை ஒரு நாளும் காதால் கேட்காத
பவித்ரா
முதலியார்பேட்டை