இரண்டு கை பின்னிய தொப்பி

செவ்வாய்க்கிழமை, மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் வயிற்றில் இருக்கும் பெரிய மனிதரும் சுகமா?

உன்னோடு போனில் பேசக்கூடாது என்பதுதான் அப்பா போட்ட சட்டம். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பேன் என்பதை முதல் பக்கத்திலேயே பதிவு செய்துகொள்கிறேன். ஒளிந்தும் எழுதவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே அப்பா, அச்சகத்திலிருந்து கொண்டுவந்த தாள்களில் பிழை திருத்திக்கொண்டிருக்கிறார். உறையில் உன் பள்ளிக்கூட முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதி, அவர் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன்.

நீ அந்த வீட்டை விட்டு வெளியேறி, மலை ஊரில் கணக்கு டீச்சராகி நான்கு மாதம் ஆகிறது. பிரசவத்துக்குள் புருஷன் வீட்டுக்குத் திரும்பாவிட்டால் இங்கிருந்து யாரும் வரமாட்டோம் என்று அப்பா உனக்கு எழுதியது எனக்குத் தெரியும். அந்த ‘யாரும்’ என்பதில் என்னைச் சேர்க்காதே. எனக்குப் பரீட்சை இருக்கிறது, தனியாக அனுப்ப மாட்டார்கள். அதனால் இப்போதைக்கு என் சார்பில் தொப்பி வரும். உங்கள் ஊர்க் குளிரில் காது மூடாத குழந்தை என்ன பாடுபடும் என்று நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன்.

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு முப்பத்தைந்து சென்டிமீட்டர் என்று புத்தகத்தில் இருக்கிறது. அளவு பார்க்க வீட்டில் அப்படியொரு தலை இல்லை. அதனால் டேப்போடு பழக்கடைக்குப் போனேன். ஆறு முலாம்பழங்களை அளந்து பார்த்து ஏழாவதை எடுத்தேன். யாருக்காவது சட்டை தைக்கப் போறியா என்று கடைக்காரர் கேட்டார்.

முதல் தொப்பி குரோஷா ஊசியில், அந்த ஒற்றைக் கொக்கி ஊசியில் போட்டேன், வலைமாதிரி. பார்க்க அழகு. ஆனால் என் சுண்டு விரல் ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டது. குழந்தை விரலும் மாட்டும், காற்றும் நுழையும். பிரித்துவிட்டேன். இரண்டாவதை நான்கு ஊசியில் வளையமாகப் பின்னினேன். வளையத்தை இணைக்கும்போது முதல் வரிசை ஒரு தடவை முறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. பத்துச் சுற்று போன பிறகுதான் தெரிந்தது. தையல் டீச்சரிடம் காட்டினேன். இணைக்கும்போதே முறுக்கிக்கொண்டதை நடுவில் சரிசெய்ய வழியே கிடையாது, பிரித்துவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும் என்றார். இதை வீட்டில் அம்மாவிடம் இரண்டு தடவை சத்தமாகச் சொன்னேன். இரண்டாவது தடவை அப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஃபேனைப் பார்த்தார்.

மூன்றாவது தொப்பி நாளை தொடங்கும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் கட்சியில் இருக்கும் தங்கை


புதன்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கே வரி எழுதியிருக்கிறாய், அதில் இரண்டு வரி என் பரீட்சையைப் பற்றி. பரவாயில்லை, எழுதினாயே. அம்மா அதை மூன்று முறை மடித்து மூன்று முறை பிரித்தாள்.

தொப்பி எண் மூன்றில் ஒரு புரட்சி செய்திருக்கிறேன். குரோஷா கெட்டியாக நிற்கும், ஆனால் இழுபடாது. ஊசிப் பின்னல் இழுபடும், ஆனால் உச்சியில் தொளதொளவென்று சரியும். அப்படியென்றால் காதுப் பட்டையை ஊசியில் பின்னி, உச்சியைக் குரோஷாவில் முடித்தால் என்ன? தையல் டீச்சரிடம் கேட்டேன். அது வேற இது வேற, ரெண்டையும் கலக்கக்கூடாது என்றார். ஏன் என்று கேட்டேன். யாரும் கலக்கிறதில்லை என்றார். அது காரணம் இல்லையே டீச்சர் என்றதற்கு வகுப்பு முடியும்வரை நிற்கவைத்தார். நின்றுகொண்டே யோசித்தேன்.

பட்டைக்கு எழுபத்திரண்டு கண்ணி. இரண்டு நேராக, இரண்டு புரட்டி, மாற்றி மாற்றி. அப்போதுதான் ரப்பர்போல் விரியும். பிறகு ஒவ்வொரு கண்ணியாக ஊசியிலிருந்து குரோஷாக் கொக்கியில் வாங்கினேன். முதல் முயற்சியில் ஒரு கண்ணிக்கு ஒரு குரோஷா போட்டேன். தொப்பி காளான்மாதிரி குடை விரித்துவிட்டது. குரோஷாக் கண்ணி கொஞ்சம் அகலம், அதுதான் கோளாறு. நான்கு கண்ணிக்கு மூன்று என்று மாற்றினேன். ஐம்பத்து நான்கு. அங்கிருந்து சுற்றுக்கு ஆறாகக் குறைத்துக்கொண்டே போனால் உச்சி அழகாக மூடிக்கொள்கிறது. முலாம்பழத்துக்கு ஒரு சுருக்கம் இல்லாமல் பொருந்தியது. மறுநாள் டீச்சர் அதை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, உட்கார் என்றார்.

இப்போது உனக்கு மட்டும் ஒரு செய்தி. அடுத்த தொப்பியின் பட்டையைப் பாதியில் நாற்காலியில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். ஐந்தரைக்குத் திரும்பி வந்தபோது ஆறு சுற்று கூடியிருந்தது. என் கை தளர்வு. அந்த ஆறு சுற்றும் இறுக்கம், பட்டைக்கு இடுப்புக் கட்டினாற்போல். அப்பாவுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. அம்மா ஆபீசிலிருந்து நாலரைக்கே வந்துவிடுகிறாள். டைப் அடித்து அடித்து அவள் விரலுக்கு எதையும் மெதுவாகச் செய்ய வராது. யாராவது தொட்டீர்களா என்று பொதுவாகக் கேட்டுவைத்தேன். எனக்கெதுக்குடி அதெல்லாம், என்று அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

நான் பிரிக்கவில்லை. மறுநாள் காலையில் கண்ணிகளை ஒரு அளவு பெரிய ஊசிகளுக்கு மாற்றி வைத்துவிட்டுப் போனேன். இறுக்கமான கை பெரிய ஊசியில் பின்னினால் என் அளவுக்கு வந்துவிடும் அல்லவா? வந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் பெரிய ஊசி, மாலையில் என் ஊசி. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பா பேசினார், அவர் பாணியில். கண்ணிக் கணக்கெல்லாம் எழுதிவைக்கும் என் நோட்டில் ‘அக்கா பாப்பாவுக்கு’ என்று தலைப்புப் போட்டிருந்தேன். காலையில் பார்த்தால் ‘அக்கா’ மட்டும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டு, பக்கத்தில் நீக்கு என்ற சுழி. அடித்தது தவறு, இருந்தபடியே இருக்கட்டும் என்பதற்கு அச்சகத்தில் அந்தச் சொல்லுக்கு அடியில் புள்ளி வைப்பார்கள் என்று எனக்கு ஏழு வயதில் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அவருடைய சிவப்புப் பேனாவையே எடுத்து வரிசையாகப் புள்ளி வைத்தேன். நோட்டை அவர் தட்டுக்குப் பக்கத்தில் திறந்து வைத்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஆனால் மறுபடி அடிக்கவும் இல்லை.

இப்படிக்கு,
நின்றபடியே யோசிக்கும் தங்கை


திங்கட்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நிதானமாகப் படி. உட்கார்ந்து படி.

நேற்று அவர் வந்தார். மாமா என்று இனி எழுதமாட்டேன், அதனால் அவர். ஆப்பிள் பையோடு வந்து அப்பா எதிரில் பவ்யமாக உட்கார்ந்தார். நீ கோபக்காரியாம், அவர் பெருந்தன்மையாக மறந்துவிட்டாராம். பெரியவர் ஒரு கடிதம் போட்டால் நீ திரும்பிவிடுவாயாம். அப்பா தலையாட்டிக்கொண்டே லெட்டர் பேடை எடுத்தார். நான் கூடத்தில்தான் இருந்தேன். எழுந்து போகவில்லை. பின்னிக்கொண்டிருந்தேன்.

அவர் என் கையைப் பார்த்தார்.

“யாருக்கு இது? என் பிள்ளைக்கா?”

“அக்கா பிள்ளைக்கு.”

அவர் சிரித்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். கவனமே இல்லாத பெண், படியில் விழுந்து தாடையை உடைத்துக்கொண்டவள், இந்த நிலைமையில் தனியாக எப்படி இருப்பாள் என்றார்.

அக்கா, அன்று நீ தாடை வீங்கி வந்து நின்றபோது படியில் விழுந்ததாக நீயும்தான் சொன்னாய். எல்லோரும் நம்பினார்கள். நான் அந்த வீட்டில் பத்து நாள் லீவுக்குத் தங்கியவள்.

“உங்க வீட்டுல படியே இல்லையே,” என்றேன்.

அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார்.

“போறேன்பா. இல்லாத படியில அக்கா எப்படி விழ முடியும்னு அவரை மட்டும் சொல்லச் சொல்லுங்க.”

வாசல் படியைச் சொன்னேன் என்றார் அவர். வாசல் தரையோடு தரையாக இருக்கிறது என்றேன். பிறகு, பக்கத்து வீட்டு மாடிப்படி என்றார். ஒரே பக்கத்தில் ஒரு விஷயத்தை இரண்டு விதமாக எழுதியிருந்தால் அப்பாவின் முகம் எப்படி ஆகும் என்று உனக்குத் தெரியுமே. அப்படி ஆனது. பேனாவை மூடினார்.

அப்போது அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையிலிருந்த ஊசிகளை வாங்கிப் பின்னத் தொடங்கினாள். இரண்டு ஆண்களும் பார்க்கப் பார்க்க ஒரு முழுச் சுற்று முடித்தாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்.

“பிரசவத்துக்கு நான் போறேன். ஆபீஸ்ல ஒரு மாசம் லீவு எழுதிக் குடுத்தாச்சு.”

எனக்கே அது தெரியாது. ஆப்பிளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னதும் அவள்தான்.

அப்பா வெளியே நடக்கப் போய் இருட்டுவதற்குள் திரும்பினார். படி இல்லை என்று எப்போது கவனித்தாய் என்று கேட்டார். அக்கா தாடை வீங்கி வந்த அன்றைக்கே என்றேன். ஏன் சொல்லவில்லை என்றார். யாரும் கேட்கவில்லை என்றேன். அவர் மாறிவிட்டார் என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். ஆனால் அந்தக் கடிதம் எழுதப்படவில்லை. இன்று காலை அம்மாவுக்கு பஸ் நேரம் விசாரித்து ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தார்.

அம்மா வெள்ளிக்கிழமை புறப்படுகிறாள். மாலைக்குள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் உன் அறையைக் கண்டுபிடித்துவிடுவாள். மூன்று தொப்பி கொண்டுவருகிறாள். ஒன்றில் இடுப்புக் கட்டிய இடத்தைத் தடவிப் பார், அதுதான் அவள் முதலில் பின்னியது.

அக்கா, நீ அழுது போன் செய்த அன்று, கொஞ்சம் பொறுத்துப் போடி என்று அவள் சொன்னதை நான் கேட்டேன். அதற்குப் பிறகு நீ அவளிடம் பேசவே இல்லை. அதை நீ மறக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவளும் மறக்கவில்லை. வாய் திறந்து அதைப் பேச அவளுக்கு வராது. ஒருவேளை வந்ததும் வராததுமாகத் தண்ணீர் எங்கே பிடிக்கிறாய், பால் யார் ஊற்றுகிறார்கள் என்றுதான் கேட்பாள். உனக்குக் கோபம் வரும். வரட்டும். திட்டு. ஒரு மாதமும் திட்டு. ஆனால் கதவைத் திறந்து, உள்ளே உட்காரவைத்துத் திட்டு.

நல்லபடியாகப் பெற்றெடு. நீயும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்,
தங்கை