தலைகீழ் ஆறு

ஏப்ரல் 4

அக்காவின் வேலை: குருவிகளை வலையில் பிடித்து, எடை பார்த்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டிப் பறக்கவிடுவது. என் வேலை: அக்காவின் காலை வாருவது. விடுமுறை முழுக்க இந்த முகாமில் அடைத்தால் வேறென்ன செய்ய?

ஏப்ரல் 5, விடியல்

ஆறாம் வலையின் எண் அட்டையைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். ஒன்பது! இரண்டு ஒன்பதைப் பார்த்து அக்கா முழிக்கப்போகும் முழி!

அதே நாள், பத்து மணி

சிரிப்பு போச்சு.

ஒன்றிலிருந்து ஆறு வரை வலைகள் அக்காவின் புது உதவியாளர், கண்ணாடி அண்ணன் பொறுப்பு. சேர்ந்து மூன்றே நாள். மீதி அக்கா. அரைமணிக்கு ஒருமுறை பார்க்கணும். அவர் ஐந்தோடு திரும்பியிருக்கிறார். அடுத்த அட்டை ஒன்பது, அது அக்காவுடையது. ஆறைக் கழற்றிவிட்டார்கள்போல என்று நினைத்திருக்கிறார். ஒன்றரை மணி நேரம் அந்த வலைப் பக்கம் யாருமே போகலை.

அக்கா தற்செயலாகப் போனவள் கத்தினாள். ஓடினேன். கட்டைவிரல் அளவு கதிர்க்குருவி, கழுத்தில் வலை நூல் இறுக்கியிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்த நேரத்தில் என் கை அட்டையை நிமிர்த்திவிட்டது. ஏன் செஞ்சேன்?

"அஞ்சுக்கு அப்புறம் என்ன வரும்னு தெரியாதா?" அக்கா அண்ணனிடம் சீறினாள்.

"ஒன்பதுன்னு இருந்துச்சு மேடம்..."

அட்டை சமர்த்தாக ஆறு காட்டியது.

"பொய் வேறயா? நாளைலேர்ந்து வராதீங்க."

எப்பவும் ஓயாத என் வாய். இப்ப மட்டும் பூட்டா போட்டிருக்கு?

பதினொன்றரை

குருவி துணிப்பைக்குள். அசையலை. அண்ணன் ஊருக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். தாங்கலை.

"அக்கா, அவர் சரியாத்தான் படிச்சாரு. நான்தான்..."

அடித்திருக்கலாம். "அவர்கிட்ட போய்ச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான்.

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் கண்ணுதான் போச்சோன்னு பயந்துட்டேன், பாப்பா."

பிறகு குருவி இருந்த துணிப்பை லேசாக அசைந்தது. அக்கா அதன் காலில் 619 எண் வளையம் மாட்டினாள். விட்டோம். தாழப் பறந்து புதருக்குள் விழுந்த மாதிரி போச்சு. பிழைக்குமா?

ஏப்ரல் 6

தேதி ஆறு. அக்கா கோபம் ஆறலை. எனக்கே சிரிப்பு வரலை.

ஏப்ரல் 7

ஆறு, ஒன்பது அட்டைகளில் எண்ணுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டேன். இனி தலைகீழானால் தெரிந்துவிடும். யாரும் போடச் சொல்லலை.

ஏப்ரல் 21

கண்ணாடி அண்ணன் வலையிலிருந்து குருவிப் பையோடு வந்தார். "ஏற்கெனவே வளையம் போட்டது, மேடம்."

அக்கா லென்ஸை என்னிடம் நீட்டினாள். "எண்ணைப் படி."

படித்தேன். தலையைத் தலைகீழாகச் சாய்த்து மறுபடியும் படித்தேன்.

"சரியாப் பாத்தியா?"

"619. எப்படித் திருப்பினாலும் அதேதான்க்கா."

அக்கா நோட்டில் எழுதினாள். கீழே ஒரு கோடு போட்டாள்.