முதல் முட்டை

ஜூன் 11

காலை முழுக்க லேபில் ரத்தம் எடுத்தேன். விடியுமுன்னே வரிசை நின்றது. வெறும் வயிற்றோடு வந்த ரொசாரியோ நகரத்துக்கே என் மேல்தான் கோபம். பக்கத்து நாற்காலியில் லூக்ரேசியா. நன்றாகத் தூங்கி எழுந்த முகம். அந்த முகம்தான் எனக்கு ஆகவில்லை.

இருவரும் ஒரே ஆண்டு பயோகெமிஸ்ட்ரி சேர்ந்தோம். இருவருக்கும் மிச்சம் நஞ்சியல் தேர்வு மட்டும்தான். அவளுக்கு அவள் அம்மா மிலனேசா இறைச்சி பொரித்து டப்பாவில் கட்டிக் கொடுக்கிறாள். நான் என் அம்மாவுக்குப் பூசணிக்காய் சூப் மசித்து ஊட்டிவிட்டு ஓடி வருகிறேன்.

லேபை நடத்தும் டாக்டர் பெராஸோ இன்று இருவரையும் கூப்பிட்டார். "ஆகஸ்ட்ல பொறுப்புக்கு ஒருத்தர் வேணும். ரெண்டு பேர்ல யார் முதல்ல பட்டம் வாங்குறீங்களோ, அவங்களுக்குத்தான் அந்த வேலை."

லூக்ரே என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூன் 20

அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி. பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனதிலிருந்து மூன்று சொற்கள்தான் பழுதில்லாமல் வருகின்றன. சரி, வேணாம், சனியனே. இன்று என் பெயரைச் சொல்லப் பார்த்தாள். "வி... வி..." விவியானா என்பது அவ்வளவு நீளமான பெயரா? முக்கி முக்கிப் பார்த்துவிட்டு "சனியனே!" என்று முடித்தாள். சிரித்துவிட்டேன்.

ஜூலை 5

இன்று சிரிப்பு வரவில்லை. என் குறிப்புகளை இரவல் வாங்க லூக்ரே வீட்டுக்கு வந்தாள். சும்மா இருக்காமல் அம்மாவின் தலையை வாரிவிட்டாள். அம்மா அவளை நிமிர்ந்து பார்த்து, தெளிவாக, "லூக்ரே" என்றாள்.

"பாருடி, என் பேரைச் சொல்லிட்டாங்க!" என்று அவள் குதித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருடமாகக் குளிப்பாட்டுகிறவள் நான். தலை வாரினவள் பெயர் வருகிறதாம்!

ஜூலை 28

தேர்வுக்குப் போகவில்லை. சட்டையெல்லாம் போட்டுக் கிளம்பிவிட்டேன். அம்மா குளியலறையில் விழுந்தாள். எலும்பு தப்பியது. இனி டிசம்பரில்தான்.

ஜூலை 30

குடும்பப் பெயர் வரிசைப்படி லூக்ரேவுக்குத் தேர்வு இன்று. பாஸ்.

போகாமல் இருந்திருக்கலாம். போனேன். கல்லூரி வாசலில் எல்லோரும் மாவும் கடுகுச் சாஸும் முட்டைகளுமாகக் காத்திருந்தார்கள். பட்டம் வாங்கினவளைச் சுத்தமாக வீட்டுக்கு அனுப்புவது எங்கள் ஊரில் பெரிய அவமானம். அவள் கிழிந்த ஸ்வெட்டரில், ஜூலைக் குளிரில் நடுங்கிக்கொண்டே வெளியே வந்தாள்.

"முதல் முட்டை விவிதான்! கூடப் படிச்சவ அவதானே!" என்று என் கையில் திணித்தார்கள்.

முதல் முட்டையைக் கிட்டே போய் உச்சந்தலையில் தட்டி உடைப்பார்கள். முத்தம் கொடுப்பார்கள். நான் எட்டவே நின்று, கையை நன்றாகப் பின்னால் ஓங்கி வீசினேன். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் போய் உடைந்தது. சத்தம் எனக்கே கேட்டது.

"கை வழுக்கிடுச்சுடி" என்றேன்.

மஞ்சள் கரு வழிய அவள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

அந்த ஒரு நொடி எனக்கு சந்தோஷமாக இருந்தது. பிறகு பஸ்ஸில் கையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே வந்தேன். அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 3

லூக்ரே பொறுப்பாளரின் புதுக் கோட்டுடன் வந்தாள், நீலம் பாரித்த கன்னத்துடன். ஒரு கிழவர், "யாரும்மா அடிச்சது?" என்றார். "என் ஃப்ரெண்டு தாத்தா. ரொம்பப் பாசக்காரி" என்றாள். நான் குனிந்து ஊசியைத் தேடினேன்.

செப்டம்பர் 17

நான் எடுக்கும் ரத்தம், ரிப்போர்ட்டில் அவள் போடும் கையெழுத்து. ஒவ்வொரு நாளும்! இன்று ஒரு ரத்த மாதிரியைத் திருப்பி அனுப்பினாள். "உறைஞ்சிருக்கு விவி, மறுபடி எடு." உறைந்துதான் இருந்தது. அதுதான் இன்னும் எரிகிறது.

அக்டோபர் 22

அம்மா சூப்பை என் மேல் துப்பினாள். புத்தகத்தின் மேலும்.

நவம்பர் 30

தேர்வுத் தேதியை யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் ஊற்றிக்கொள்ளும். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் நெலிதா, மகள் பிரசவத்துக்குக் கிளம்புகிறாள். வேறு யாரை விடுவது?

லூக்ரேவிடம் பதினாலாம் தேதி லீவு மட்டும் கேட்டேன்.

"எதுக்கு?"

"பல் வலி."

"ரெண்டு வாரம் கழிச்சு வரப்போற பல் வலியா?" பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மாகூட யார் இருக்கா?"

நான் ட்யூப்களை அடுக்கத் தொடங்கினேன்.

"நான் வரேன். நீ போய்ப் பல்லைப் புடுங்கிட்டு வா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு உன் கை வழுக்கலன்னு எனக்குத் தெரியும்டி. ஒரு வாரம் எதையும் மெல்ல முடியல."

முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "அப்புறம் எதுக்குடி வர?"

"உனக்கு ஒரு முட்டை திருப்பித் தரணும். நீ பாஸ் பண்ணாதானே தர முடியும்?"

டிசம்பர் 13

அவள் நல்லவளாக இருக்கிறாள். அதற்கும் பொறாமையாக இருக்கிறது. என்ன பிறவி நான்?

டிசம்பர் 14

பாஸ். பாஸ். பாஸ்.

வெளியே வந்தேன். யாரிடமும் சொல்லாததால் எனக்காக யாரும் இல்லை. வாசலில் வேறொரு பெண்ணை அவள் கூட்டம் மாவில் புரட்டிக்கொண்டிருந்தது. சுத்தமான சட்டையோடு அவர்களைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

கதவைத் திறந்தால் தரை முழுக்கப் பழைய செய்தித்தாள். நடுவில் அம்மா, சக்கர நாற்காலியில். இடது கையில் முட்டை. எதிர்ச் சுவரில் ஏற்கெனவே இரண்டு மஞ்சள் வழிசல்கள்.

"காலையிலேர்ந்து பழகறோம்" என்றாள் லூக்ரே. "பாஸா? அப்போ அசையாம நில்லு. முதல் முட்டை அவங்களோடது."

நான் கிட்டே போய்க் குனிந்தேன், தலையில் தட்டட்டும் என்று. அம்மா காத்திருக்கவில்லை. கையை ஓங்கி ஒரே வீச்சு. மூக்கில்! கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அச்சச்சோ, கை வழுக்கிடுச்சு போல" என்றாள் லூக்ரே.

அம்மா என்னையே பார்த்தாள். உதடு குவிந்தது. "வி... வி..." காத்திருந்தேன். லூக்ரேகூட மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"சனியனே!" என்றாள் அம்மா. நாற்காலி ஆடும் அளவுக்குச் சிரித்தாள்.

இதை எழுதும்போது லூக்ரே சூப் ஊட்டுகிறாள். அம்மா ஒரு சொட்டும் துப்பாமல் குடிக்கிறாள். பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கிறது. மூக்கு வலிக்கிறது. போய்த் தலையைக் கழுவ வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்.