பஸ்ஸுக்குப் பத்தாத காசு

முத்தாரே,
ஜூன் 9, திங்கள்

அன்பு ஷுவாய்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஒரு காசைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பல்கூடத் தேய்க்கவில்லை. பழைய பத்து சென்ட், பாவோபாப் மரம் போட்டது. நாம் கல்லூரியில் படித்தபோது அதற்கு ஒரு மிட்டாயாவது கிடைத்தது. இப்போது எந்தக் கடைக்காரரும் கையால் தொடமாட்டார்.

நேற்று மாலை உன் அண்ணன் எஸ்டேட்டுக்குக் கிளம்பினார். வாசலில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பையைத் தோளில் போட்டவர் திரும்பி வந்து, என் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையில் இந்தக் காசை வைத்து விரல்களை மூடினார். "இது உன்கிட்ட இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். வண்டி போய்விட்டது.

கணவன் மனைவியின் கையில் ஒற்றைக் காசை வைத்தால் என்ன அர்த்தம் என்று நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? குபூரோ. இதை எடுத்துக்கொண்டு உன் பிறந்த வீட்டு அத்தையிடம் போ, இனி நீ என் மனைவி இல்லை. ஆனால் குபூரோ கொடுப்பவர் முதலில் சண்டை போட வேண்டாமா? சண்டை போட வேண்டுமென்றால் பேச வேண்டுமே. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறார். அழுக்குச் சட்டைகளைக் கொடுக்கிறார். கீரையில் உப்பு சரியாக இருக்கிறது என்கிறார். போகிறார். அதில் எங்கே குற்றம் சொல்வது? புலவாயோ பெண்கள் பள்ளியிலிருந்து தலைமையாசிரியை வேலைக்கு மறுபடி கேட்டிருக்கிறார்கள். ஜனவரியில் வேண்டாம் என்றேன், அந்தச் சட்டைகளை யார் தேய்ப்பது என்று. பைத்தியக்காரிதான்.

பக்கத்து வீட்டுத் தினாஷேயின் அம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். "என்ன மாய் ருவா, டீ நல்லாருந்துச்சுன்னு ஐயா டிப்ஸ் குடுத்துட்டுப் போறாரா?" என்றாள். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்றுதான் தெரியவில்லை.

அவரிடமே கேட்கலாம். ஆனால் அந்தச் சொல்லை நான் சொல்லப்போய், அதுவரை நினைக்காதவர் நினைத்துவிட்டால்? ஹராரேயில் படிக்கிற மகள் ருவாவிடம் என்னவென்று சொல்வது? போனில் உன்னிடமும் பேச முடியாது. ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு களி கிண்டுவாய். உன் வீடு முழுக்கக் கேட்கும்.

உன்னிடம் அவர் ஏதாவது சொன்னாரா? என் பெயருக்கு, 'உங்களுக்கு என்னதான் வேண்டியிருந்தது' என்று அர்த்தம். நாற்பத்தாறு வயதில் அந்தப் பெயரைச் சொல்லி என்னையே கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

உன்
மாய்தேயி


நியாங்கா,
ஜூன் 16

என் அண்ணிக்கு,

உன் கடிதத்தை முத்தாரே பஸ் டிரைவர் உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியிலிருந்து உருவிக் கொடுத்தார். முதல் தடவை படித்துவிட்டுச் சிரித்தேன். இரண்டு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எதைப் போடுவது என்று நிற்கிற ஆள், மனைவியை விலக்கி வைக்கப் போகிறானா? நாத்தனார் அதிகாரத்தில் சொல்கிறேன், பேசாமல் இரு என்று எழுத உட்கார்ந்தேன். அப்புறம்தான் பாவோபாப் மரம் என்ற வார்த்தை கண்ணில் பட்டது.

ஈஸ்டருக்கு உன் கணவன் கத்பர்ட் அண்ணன் இங்கே வந்திருந்தான். அம்மாவின் பெட்டியைத் திறந்தோம். அடியில் ஒரு துணி முடிச்சு, அதற்குள் அந்தக் காசு. "எவ்வளவு பத்திரமா வச்சிருக்கா பாரு. இத நான் எடுத்துக்கறேன்" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்வது?

அது குபூரோதான், மாய்தேயி. ஆனால் உன்னுடையது இல்லை. அப்பா அம்மாவுக்குக் கொடுத்தது. அண்ணன் அப்போது நடக்கக்கூடப் பழகவில்லை. கடைசி நாட்களில் நான் குளிப்பாட்டிவிடும்போது அம்மா சொன்னாள். அப்பா கோபத்தில் காசைக் கையில் திணித்தாராம். அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஊருக்கு பஸ்ஸுக்கு இது பத்தாது. மீதியக் குடுங்க, போறேன்" என்று சொல்லி அடுப்பைப் பற்றவைக்கப் போனாளாம். அப்பா மீதியைக் கொடுக்கவே இல்லை. அம்மா போகவும் இல்லை. அதற்குப் பிறகுதான் நான் பிறந்தேன். சொல்லிவிட்டு அம்மா அப்படிச் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆகவே உன்னை யாரும் அனுப்பவில்லை. தன் அம்மா உயிராய் வைத்திருந்த காசு என்று நினைத்து உன்னிடம் கொடுத்திருக்கிறான் அந்த அசடு. நீ அதை ஆற்றில் போட்டுவிடு. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாதே. நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கு.

உன்
ஷுவாய்


முத்தாரே,
ஜூன் 21, சனி

அன்பு ஷுவாய்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். நிம்மதியில் அழுகிறேன் என்று நானும்தான் நினைத்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்த பிறகும் நிற்கவில்லை. விலக்கப்பட்டேன் என்று நம்பியிருந்த நாட்களில் நான் ஒரு சொட்டுக்கூட அழவில்லையே, அது எப்படி?

அந்த நாட்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். சட்ஸாக் களி கிண்டவில்லை. சாயங்காலம் ரொட்டியும் டீயும். கட்டிலில் குறுக்கே படுத்துத் தூங்கினேன். ஒருநாள் வகுப்பில் ஒரு பெண், "மிஸ், இப்பல்லாம் நீங்க பாட்டு முணுமுணுக்கிறீங்க" என்றாள். பயந்துபோனேன். துக்கப்பட வேண்டியவள் முணுமுணுக்கலாமா? என்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. யாரும் உன்னை அனுப்பவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியில்தான் அழ ஆரம்பித்தேன்.

நேற்று அவர் வந்தார். சாப்பிட்டு முடித்துவிட்டு, "அது பத்திரமா இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"அம்மாவோடது. அவளுக்கு அது எவ்வளவு முக்கியம்னு எனக்குத்தான் தெரியும்" என்றார்.

கண் கலங்கியிருந்தது. உன் அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட அவர் கண் கலங்கி நான் பார்க்கவில்லை. அந்த நிமிஷத்தில் அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஷுவாய். இதை மறைத்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். இத்தனை வருஷத்தில் அவர் எனக்குக் கொடுத்ததிலேயே அன்பானது இதுதான். அது ஒரு குபூரோ என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லப் போவதில்லை. ஆற்றிலும் போடவில்லை. அலமாரியில், அவர் பார்த்தால் தெரிகிற இடத்தில், ஒரு துணியில் முடிந்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமை காலை பஸ் நிலையத்தில்தான் உன் டிரைவரிடம் கொடுப்பேன். நாளை அவர் கிளம்புவதற்கு முன் உட்கார வைத்துப் பேச வேண்டும். ருவாவுக்கும் சொல்ல வேண்டும். அதுவரை இதை எழுதுகிற பேனாவுக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் தலைமையாசிரியை வேலைக்குப் போகிறேனா, அவரை விட்டுப் போகிறேனா, திரும்பி வருவேனா என்று கேட்காதே. ஒன்றும் தெரியவில்லை. சட்டைகளைத் தேய்த்து மடித்தாகிவிட்டது. அது மட்டும் தெரியும்.

உன் அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். அவர் கையில் காசு வைத்து அனுப்பினார்கள், அவர் போகவில்லை. என்னை யாரும் அனுப்பவில்லை.

உன் அம்மாவுக்குப் பஸ்ஸுக்குப் பத்தவில்லை, ஷுவாய். என்னிடம் புலவாயோ வரைக்கும் இருக்கிறது.

மாய்தேயி