மாடி வகுப்பும் அப்பாவின் எண்ணெயும்

தென்காசி,
சனிக்கிழமை இரவு.

அன்புள்ள ஹஃப்சா அக்காவுக்கு,

ஸ்ரீமதி எழுதுகிறேன். உங்கள் மாடி வகுப்புக்கு வரும் முத்துசெல்வியின் மகள். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதீர்கள் அக்கா. அம்மாவிடமும் வேண்டாம். படித்ததும் கிழித்துப் போடுங்கள். வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். விடிந்ததும் பால் வாங்கப் போகும்போது உங்கள் கேட்டுக்கு அடியில் போட்டுவிடுவேன்.

அப்பாவை நீங்கள் பார்த்ததில்லை. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறார். சீசனில் கேரளாவிலிருந்து வருகிறவர்கள்கூட நயினார் எங்கே என்று கேட்டு வருவார்கள். அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட நாளிலிருந்து, அவ்வளவு பேருக்குத் தேய்த்த கையோடு வந்து அம்மாவுக்கும் தேய்த்துவிடுவார். ஒருநாள் அம்மா பாயிலிருந்து எழ முடியாமல் அழுதபோது, அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். நான் பார்த்தேன்.

இடுப்பு வலிக்கு உங்கள் மாடி வகுப்புக்குப் போகட்டுமா என்று அம்மா ஒரே முறைதான் கேட்டாள். "ஊரு முதுகையெல்லாம் நான் நிமித்துதேன், எம் பொண்டாட்டி இன்னொரு இடத்துல போயி முதுகக் காட்டுவாளாக்கும்" என்று அப்பா சிரித்தார். கோபப்பட்டிருந்தால் அம்மா சண்டை போட்டிருப்பாள். சிரித்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சுற்றிய பீடியைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சேலைக்குள் என் பி.டி. பேண்ட்டைப் போட்டுக்கொண்டு உங்களிடம் வர ஆரம்பித்தாள்.

முதல் நாள் நானும் கூட வந்தேன், ஞாபகம் இருக்கிறதா அக்கா? பிலாட்டீஸ் உடற்பயிற்சி என்று பலகையில் படித்துவிட்டு, இது நமக்கில்லை ஏட்டி, பேங்க்காரங்களுக்கு என்று அம்மா படியிலேயே நின்றுவிட்டாள். நீங்கள் இறங்கி வந்து, உடற்பயிற்சி எதுவும் சொல்லாமல், பீடித்தட்டோடு மேலே வாங்க என்றீர்கள். அம்மா உட்கார்ந்து பீடி சுற்ற, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளையும் கழுத்தையுமே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் தட்டுக்கு அடியில் ஒரு பலகையை வைத்து உயர்த்தினீர்கள். அன்றைக்கே அம்மாவுக்கு உங்களைப் பிடித்துவிட்டது. எல்லாரும் பீடி கொடுத்து முடிக்கிற நேரத்துக்கு வகுப்பை மாற்றினீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாமதமாக வருகிறவர்களையும் திருப்பி அனுப்புவதில்லை. "படுத்துக்கிட்டே வேலை பாக்கச் சொல்லுத ஒரே எடம் அந்த மாடிதான்" என்று அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது அம்மா குடத்தை இடுப்பில் வைத்து வருகிறாள். அதைப் பார்த்து அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாம் தன் எண்ணெயும் கைப்பக்குவமும்தான் என்று நினைக்கிறார். அருவிக்கரையில் வருகிறவர்களிடமெல்லாம் அம்மா கதைதான். அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். அது இவ்வளவு தூரம் வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

அப்பாவின் தம்பி பாண்டித்துரை சித்தப்பா வாசுதேவநல்லூரில் எலுமிச்சை மூட்டை தூக்குகிறவர். போன வாரம் மூட்டையோடு குனிந்தபோது முதுகில் ஏதோ ஆகிவிட்டது. இப்போது இடது கால் மரத்துக் கிடக்கிறதாம். செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் நடந்து போயிருக்கிறார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்குச் சாயங்காலம் அப்பா போனில் பேசினார். "ஆஸ்பத்திரியில போட்டு அறுத்துருவான்லே. ஒங்க மைனியையே எழுப்பி நடக்க வச்சிட்டேன், நீ எம்மாத்திரம். இங்கன வா, முதுகுல ஏறி மிதிச்சு சுளுக்க எடுத்துருதேன்" என்றார். சித்தப்பா நாளைக்கு மத்தியானம் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அண்ணன் சொன்னால் அவருக்கு வேறு பேச்சு கிடையாது.

வலி என்றால் வாங்க, கால் மரத்துப் போனால் யார் கையும் படவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க, என் கையும் படக்கூடாது என்று நீங்கள் வகுப்பில் சொன்னீர்கள். அம்மா வந்து சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதைத்தான் ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அம்மா பீடி இலை வெட்டுவதை நிறுத்திவிட்டு, தெரியும்ட்டி என்றாள். பிறகு, "அந்த மனுசன் இந்த வருசம்தான் சிரிச்சிக்கிட்டு வீட்டுக்கு வருதாரு. எப்படிட்டி சொல்லுவேன்" என்றாள். மறுபடி இலையை வெட்ட ஆரம்பித்துவிட்டாள். உண்மை தெரிந்தால் அப்பா அடிக்கமாட்டார் அக்கா. பேசாமல் இருந்துவிடுவார். அம்மாவும் அதற்குப் பயந்து மாடிக்கு வருவதை விட்டுவிடுவாள். மறுபடி அவள் பாயில் கிடப்பதை என்னால் பார்க்க முடியாது. சித்தப்பாவுக்குக் கால் போய்விட்டாலும் என்னால் தாங்க முடியாது. அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

அதனால் கேட்கிறேன். நாளைக் காலையில் பக்கத்துத் தெருக்காரர் மாதிரி எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அம்மா உங்களைத் தெரியாதது போல இருந்தால் வருத்தப்படாதீர்கள். உங்கள் கை நல்ல கை அண்ணாச்சி, ஆனால் மரத்த காலுக்கு எண்ணெய் ஆகாது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். முதலில் அவர் கையைப் புகழ்ந்துவிட்டுச் சொன்னால் கேட்பார். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். அம்மா பெயர் மட்டும் வேண்டாம். அப்படியே தெரிந்து, அம்மா கொஞ்ச நாள் வராமல் போனாலும் அவள் இடத்தை வேறு யாருக்கும்

கதவைத் தட்டுகிறார்கள். சித்தப்பா குரல். கடைசி பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

அப்பா எழுந்துவிட்டார். எண்ணெயைச் சுட வை முத்துசெல்வி, இப்பமே எடுத்துருவோம் என்கிறார். அம்மா அடுப்புப் பக்கம் போகவில்லை. அவரை உட்கார வைங்க, மொதல்ல நான் சொல்லுதத ரெண்டு பேரும் கேளுங்க என்கிறாள்.

அக்கா, நான் அம்மா பக்கத்தில் போய் நிற்க வேண்டும்