சொல்லாமல் திறந்த முகத்துவாரம்

குருக்கள்மடம்
22.01.2026

அன்பின் அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் உடம்புக்குச் சுகம். உங்கள் தம்பி மதுரனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கடற்படைக்காரர் இரண்டு நாளாகத் தேடுகிறார்கள். அவனுடைய தோணி மட்டும் உடைந்து கரை ஒதுங்கியது. தொலைபேசி எடுத்தால் மாமி பக்கத்திலேயே இருக்கிறா, அதனால்தான் எழுதுகிறேன். நாளை அங்கே கட்டாருக்கு வரும் பக்கத்தூர் இஷாமிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். தனியாக இருந்து வாசியுங்கள்.

இந்த மாரி மழை விட்டபாடில்லை. களப்புக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் என் அண்ணனின் வயல்வட்டை முழுக்கத் தண்ணீர், விளைந்த பயிர் ஐந்து நாளாக மூழ்கிக் கிடந்தது. முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணலை வெட்டினால்தான் களப்புத் தண்ணீர் கடலுக்கு இறங்கும். வெட்டினால் இறால் எல்லாம் கடலோடு போய்விடும் என்று மீன்பிடிக்கிற ஆட்கள் மறித்தார்கள். வருஷா வருஷம் இதே இழுபறிதான். ஆனாலும் கூட்டம் வைத்து, நாள் குறித்து, கரையெல்லாம் அறிவித்து, தோணிகளைக் கட்டிய பிறகுதானே மண்வெட்டி இறங்கும்? இம்முறை அண்ணனும் ஆட்களும் பொறுக்கவில்லை. செவ்வாய் விடியவே போய் வெட்டிவிட்டார்கள்.

நேற்று சதுர்ஷிக்குப் பள்ளியில் 'முகத்துவாரம்' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதக் கொடுத்தார்கள். முகம் என்றால் முன்பக்கம், துவாரம் வடமொழியில் வாசல், அது களப்பின் தலைவாசல் என்று ரீச்சர் சொன்னாவாம். வாசலைத் திறக்கும்போது உள்ளே இருக்கிறவர்களுக்குச் சொல்ல மாட்டார்களா அம்மா என்று பிள்ளை கேட்டாள். அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

அத்தான், எனக்கு முன்பே தெரியும். திங்கள் பின்னேரம் அண்ணன் வந்து, "நாளைக்கு வெட்டப் போறம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத புள்ள, அறிஞ்சா வந்து மறிச்சிருவானுகள்" என்றார். அன்றிரவு மதுரன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். விடிய முகத்துவாரத்தடியில் வலை போடப் போவதாகச் சொன்னான். நான் சோற்றைப் போட்டுக்கொண்டு பேசாமல் நின்றேன். சொன்னால் ஆட்களைக் கூட்டிப் போய் மறிப்பான், அண்ணனின் விளைச்சல் போய்விடும் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் அப்படி உடைத்துக்கொண்டு பாயும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

மகனை நினைத்து மாமி என் அண்ணனைச் சபிக்கிறா, என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறா. அவவின் கை படும்போதெல்லாம் எனக்கு உயிர் போகிறது. அவவிடம் சொல்லவா, விடவா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதை வாசித்த பிறகு என்னோடு கதைக்க உங்களுக்கு மனம் வராது. வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த முறை எடுக்கும்போது எப்போதும்போல் "சாப்பிட்டியா" என்று ஒரு சொல் என்னைக் கேட்டுவிட்டு, பிறகு போனை மாமியிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள்
சுலோஜனா